நிற்காமல் பறக்கும் தூரம்

பிப்ரவரி 2

கடுகின் அப்பாவுக்கு,

நமக்குள் எதுவாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும், நகல் இரண்டு வக்கீல்களுக்கும் போக வேண்டும் என்று விவாகரத்துத் தீர்ப்பன்று ஒத்துக்கொண்டோம். அதன்படி எழுதுகிறேன்.

எனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களை, மூட்டு மாற்றியவர்களை நடக்கவைக்கும் அதே பிசியோதெரபி வேலைதான். மே மாதக் கடைசியில் நம் மகள் கடுகை அழைத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

நம் ஒப்பந்தத்தின் ஏழாவது நிபந்தனை: ‘குழந்தை தந்தையைப் பார்க்க ஒரே விமானத்தில் வந்து சேரக்கூடிய ஊரில்தான் தாய் வசிக்க வேண்டும், இடையில் மாறுதல் கூடாது.’ அங்கிருந்து உங்கள் ஊருக்கு நேர் விமானம் இருக்கிறது. போன நவம்பரில்தான் விட்டிருக்கிறார்கள். நடுவில் எங்கும் நிற்காது. பதினேழு மணி நேரம். ஒன்பது வயதுப் பிள்ளை தனியாக வரலாம். விமானக் கம்பெனிப் பெண் ஒருத்தி கையைப் பிடித்து ஏற்றி, கையைப் பிடித்து இறக்கி, உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைப்பாள். வருஷத்துக்கு இரண்டு விடுமுறைக்கும் அனுப்புகிறேன்.

நிபந்தனை மீறப்படவில்லை என்று என் வக்கீல் சொல்கிறார். உங்கள் வக்கீலும் அதையேதான் சொல்வார்.

இதைப் போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். என் எண் இன்னும் உங்கள் போனில் பிளாக்கில்தான் இருக்கிறது.

கடுகின் அம்மா


பிப்ரவரி 5

மதிப்பிற்குரிய மனுதாரர் அவர்களுக்கு, எதிர்மனுதாரர் எழுதிக்கொள்வது.

தங்கள் கடிதம் கிடைத்தது. படித்து முடித்ததும் அலமாரியிலிருந்து உலக உருண்டையை எடுத்துத் தூசி தட்டினேன். இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்து அளந்தேன். பதினான்காயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வருகிறது. தட்டையான வரைபடத்தில் நேராகக் கடலைக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். உருண்டையில் நூலை வைத்தால் அது மேலேறிப் பனிப்பாறைகளை உரசிக்கொண்டு போகும். அதுதான் குறுக்குவழி. இதை இருபத்திரண்டு வருஷமாக முதலாமாண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் சொந்த மகள் அந்த நூலின் மறுமுனைக்குப் போவாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பாராட்டுகள். இன்னும் ஐயாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தால் திரும்பி வர ஆரம்பித்திருப்பீர்கள். பூமி அவ்வளவுதான்.

அந்த ஏழாவது நிபந்தனையை நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்து எழுதியவன் நான். “கிலோமீட்டர்லயே போட்டுடலாமே சார்” என்றார் என் வக்கீல். வானத்தில் கிலோமீட்டருக்கு மதிப்பில்லை, நிற்காமல் பறக்க முடிகிற தூரம்தான் கணக்கு என்று அவருக்கு முக்கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். பயணிகள் விமானம் எதுவும் இவ்வளவு தூரம் இறங்காமல் பறக்காது என்று நான் நடத்தும் புத்தகத்தில் இருக்கிறது. அது பழைய பதிப்பு. தாங்கள் புதிய பதிப்பைப் படித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறீர்கள்.

அதே வராந்தாவில் தங்கள் அண்ணன் சொன்னதும் மறக்கவில்லை. “மாப்பிள்ளை, உருண்டையை உருட்டுனது போதும். ஒரு தடவையாவது எந்திரிச்சு எங்கயாவது போயிருந்தா என் தங்கச்சி ஏன் கோர்ட்டுக்கு வர்றா?” சிரித்தவர்களில் என் வக்கீலும் ஒருவர். இதைப் படிக்கும்போது அவர் அதை ஞாபகப்படுத்திக்கொள்ளட்டும்.

பிளாக் செய்தது செய்ததுதான். கடுகுடன் பேச ஞாயிற்றுக்கிழமை வீடியோ இருக்கிறது. தங்களுடன் பேச எனக்கு எதுவும் இல்லை.

எதிர்மனுதாரர்


நவம்பர் 8

மனுதாரர் அவர்களுக்கு,

செய்தி பார்த்திருப்பீர்கள். இரண்டு நாடுகள் அடித்துக்கொள்கின்றன. அவற்றின் வானத்தை மூடிவிட்டார்கள். தங்கள் புகழ்பெற்ற நேர் விமானம் இப்போது சுற்றிக்கொண்டு போகிறது. எதிர்க்காற்று வேறு. எரிபொருள் பற்றாமல் நடுவில் ஓர் ஊரில் இறங்கி நிரப்பிக்கொண்டு கிளம்புகிறதாம். விமானக் கம்பெனிக்கே போய்க் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

ஆக, அது நிற்காத விமானம் இல்லை. ஏழாவது நிபந்தனை மீறப்பட்டுவிட்டது. ஜனவரிக்குள் குழந்தையோடு திரும்பி வர வேண்டும். இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் சந்திப்போம்.

எதிர்மனுதாரர்


நவம்பர் 11

கடுகின் அப்பாவுக்கு,

நீங்கள் எழுதியதை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள். ‘ஒரே விமானம், இடையில் மாறுதல் கூடாது.’ நிற்கக் கூடாது என்று எங்கே இருக்கிறது? ஒரு மணி நேரம் எண்ணெய் போட நிற்கிறது. அதே விமானம், அதே சீட்டு. யாரும் இறங்குவதில்லை, யாரும் ஏறுவதில்லை. என் வக்கீல் இதைப் படித்துவிட்டு, “உங்க வீட்டுக்காரர் எனக்கு வேலையே வைக்கலம்மா” என்று சிரித்தார்.

கேஸ் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டிசம்பர் விடுமுறைக்கு அவளை வரவிடுங்கள். ஆறு மாதமாக உங்களைப் பார்க்கவில்லை. பெட்டியை இப்போதே அடுக்கிவிட்டாள். தினமும் எதையாவது எடுத்துப் போட்டுக்கொண்டு, அதைத் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறாள். “அப்பா உருண்டையில நான் எங்க இருக்கேன்னு காட்டுவாரு” என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பீற்றல் வேறு.

நானே கூட வரலாம்தான். முதல் வருஷம் லீவு கிடையாது என்று சொல்லித்தான் வேலை கொடுத்தார்கள்.

கடுகின் அம்மா


டிசம்பர் 18

போனை எடுங்க.

விமானம் நடுவில் இறங்கிய இடத்தில் பனிமூட்டம். மூன்று மணி நேரம் நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதற்குள் விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிட்டதாம். எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். மாற்று ஆட்கள் நாளைக்குத்தான் வருவார்களாம். நம் பிள்ளை தெரியாத ஊரில் ஏர்போர்ட்டுக்குள் தனியாக இருக்கிறாள்.

எத்தனை தடவை அடித்தேன் தெரியுமா? உங்களுக்கு மணியே போகாது, எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்துக்கொண்டிருக்கிறேன்.


டிசம்பர் 18

கம்பெனிப் பெண் ஒருத்தி கூட இருக்கிறாளாம். ஒரு நிமிஷம் பேசவிட்டார்கள். “அம்மா, அப்பாகிட்ட சொல்லிட்டியா? அவரு வாசல்லயே நிப்பாரே” என்றாள். சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

அந்த ஊருக்கு நான் கிளம்பினாலும் ஒன்பது மணி நேரம். நீங்கள் கிளம்பினாலும் அதேதான். நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவளைச் சரியாக நட்டநடுவில் விட்டிருக்கிறோம்.

கெஞ்சிக் கேட்கிறேன். எங்கே இருக்கிறீர்கள்?


டிசம்பர் 19

வந்துவிட்டாள். தூங்குகிறாள். பையின் வாரை இன்னும் கையில் பிடித்திருக்கிறாள், விடவில்லை.

நேற்று மதியத்திலிருந்து விமான நிலையத்தில்தான் இருந்தேன். கவுன்ட்டர்ப் பெண்ணிடம் கத்தினேன். “அனுப்புனவங்களுக்குச் சொல்லிட்டோம் சார், அவங்க உங்களுக்குச் சொல்லலையா?” என்றாள். என் போனில் வெளிநாட்டுக்கு அடிக்கும் வசதி இல்லை. நீ ஏன் அடிக்கவில்லை என்று உன்னை அங்கேயே நின்று திட்டித் தீர்த்தேன். பிளாக் செய்தது நினைவுக்கே வரவில்லை. உன் மெயில்கள் ‘வழக்கு’ என்ற பெயரில் தனியாகப் போய்ச் சத்தமில்லாமல் விழும்படி வைத்திருந்தேன். இப்போதுதான் பார்க்கிறேன்.

வாசலில்தான் நின்றேன். அதை அவளிடம் சொல்லிவிட்டேன்.


ஜனவரி 15

கடுகின் அப்பாவுக்கு,

திரும்பி வந்து சேர்ந்துவிட்டாள். வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. விளக்கை அணைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். அங்கே ஏறும் இடத்தில் என்ன நடந்தது என்று துண்டு துண்டாகத்தான் தெரிய வந்தது.

“நீயும் வாப்பா, என்னை விட்டுட்டு அப்புறமா திரும்பி வந்துடு” என்று உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். காலேஜ் இருக்கிறது என்றீர்களாம். விடுமுறையில் என்ன காலேஜ்? அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கம்பெனிப் பெண்ணிடம் கொடுத்தீர்களாம். விமானத்தில் இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறாள்.

உங்களுக்கு என் மேல் இருக்கிற கோபத்தை என் மேல் காட்டுங்கள். நான் இருக்கும் ஊரில் கால் வைக்க மாட்டேன் என்கிற வீராப்புக்கு அவளா பலி? ஒரே ஒரு தடவை கூட வந்து விட்டுவிட்டுப் போயிருந்தால் உங்கள் தலையா போயிருக்கும்? “அப்பாவுக்கு என்கூட வரப் பிடிக்கல” என்கிறாள். அழுதுகொண்டு சொன்னால்கூடப் பரவாயில்லை. சும்மா, மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்கிறாள்.

கடுகின் அம்மா


ஜனவரி 17

மனுதாரர் அவர்களுக்கு,

அவளை அந்த ஊருக்குக் கொண்டுபோனது யார்? விமானத்தில் தனியாக ஏற்றியது யார்? கைப்பிடித்து ஏற்றுவார்கள், கைப்பிடித்து இறக்குவார்கள் என்று விளம்பரம் மாதிரி எழுதியது யார்? இப்போது குற்றவாளிக் கூண்டில் நான்.

வர முடியவில்லை. காரணத்தைத் தங்களிடமோ தங்கள் வக்கீலிடமோ சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை.

எதிர்மனுதாரர்


ஜனவரி 21

கடுகின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தின் நகலை நான் யாருக்கும் அனுப்பவில்லை.

நேற்று என் வேலை இடத்துக்குக் கடுகை அழைத்துப் போயிருந்தேன். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம். ஒரு பெரியவருக்கு நான் இறுக்கமான நீளக் காலுறையை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவள், “அப்பாவும் இது போடுவாரு. ஒரு கால்ல மட்டும். ஃபுட்பால் விளையாடுறதுக்குன்னு சொன்னாரு” என்றாள்.

ஃபுட்பாலா? நீங்களா?

இடது காலா, வலது காலா? எப்போதிலிருந்து? ரத்தக்கட்டி காலோடு நின்றதா, மேலே போனதா? இதைக் கேட்பது மனுதாரர் இல்லை. தினமும் பத்துக் கால்களைப் பார்க்கிறவள் கேட்கிறேன். சொல்லுங்கள்.


ஜனவரி 24

கேட்டுவிட்டாய். சொல்கிறேன், பரிதாபப்பட்டு ஒரு வரி எழுதினாலும் அதோடு இந்தப் பேச்சு முடிந்தது.

இடது கால். நீங்கள் போன மூன்றாவது மாதம். வகுப்பில் நின்றுகொண்டிருந்தபோது மூச்சு அடைத்தது. காலில் கட்டிய ரத்தத்தில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போய்விட்டதாம். என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் யார் தெரியுமா? என்னிடம் படித்து, எனக்கு வரவேண்டிய துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறானே, அவன். என் உயிரைக் காப்பாற்றியதற்கும் சேர்த்து அவனை என்னால் மன்னிக்க முடியவில்லை.

டாக்டரிடம் டிசம்பரிலேயே கேட்டேன். அவளை விட்டுவிட்டு வர வேண்டும் என்றுதான் கேட்டேன். “மூணு மணி நேரம், நாலு மணி நேரம்னா சமாளிச்சுக்கலாம் சார். பதினேழு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உக்காரணும்னா என்கிட்ட கேக்காதீங்க, ஜோசியர்கிட்ட கேளுங்க” என்றார்.

பத்து வயதுகூட ஆகாத பிள்ளையிடம், உன்னோடு விமானத்தில் வந்தால் அப்பா செத்துப்போவேன் என்றா சொல்வது? காலேஜ் என்றேன். விரலைப் பிரித்தது உண்மைதான். ஐந்து விரல். எதையும் விட்டுவிட்டு எழுதவில்லை நீ.


மார்ச் 2

கடுகின் அப்பாவுக்கு,

பரிதாபம் எதுவும் எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மூன்று ஞாயிறாக அவள் ஏன் வீடியோவில் வருவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். கூப்பிட்டால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள். உங்களுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். “அப்போ காலேஜ்னு சொன்னது பொய்யா? இல்ல, இது பொய்யா?” என்கிறாள். உங்கள் பிள்ளை அல்லவா, பிடித்தால் விடுவதில்லை.

நடு ஊருக்கு நான் அழைத்துவருகிறேன், பாதித் தூரமாவது முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு நீங்கள் அங்கே வாருங்கள் என்று எழுதத்தான் இருந்தேன். பழகட்டும் என்று ஏர்போர்ட் வரை காரில் கூட்டிப் போனேன். கார் நிறுத்தும் இடத்திலேயே உடம்பெல்லாம் நடுங்கி வாந்தி எடுத்தாள். இங்கே குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர், வற்புறுத்தினால் இன்னும் கெடும், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ விட்டுப்பிடியுங்கள் என்கிறார்.

அதனால் ஜூன் விடுமுறைக்கு அனுப்ப மாட்டேன். நிபந்தனையை மீறுகிறேன். நீங்கள் கேஸ் போடலாம். இந்த முறை நீங்கள்தான் ஜெயிப்பீர்கள்.

கடுகின் அம்மா


மார்ச் 30

ஜெயித்து என்ன செய்ய? தீர்ப்பை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பதா?

இரண்டு வருஷம் என்கிறாய். அவளுக்குப் பன்னிரண்டு ஆகிவிடும். இப்போதே மழை பெய்கிறது என்கிற மாதிரி சொல்கிறவள், அப்போது அதைக்கூடச் சொல்ல மாட்டாள். எனக்கு வேறு யாரும் இல்லை என்பது உனக்குத் தெரியும். இருந்தவர்களோடெல்லாம் சண்டை போட்டுவிட்டேன் என்பதும் தெரியும்.

கப்பலுக்கு விசாரித்தேன். இப்போது அந்தப் பக்கம் பயணிக் கப்பல் கிடையாது. சரக்குக் கப்பலில் டாக்டர் இருக்க மாட்டார், இந்தக் காலோடு ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள்.

பிறகு மறுபடி உருண்டையை எடுத்து உட்கார்ந்தேன். இந்தத் தடவை நூலை இழுத்துப் பிடிக்கவில்லை. தொய்யவிட்டேன். மூடிய வானத்தைச் சுற்றி, ஊர் ஊராக, நான்கு மணி நேரத்துக்கு மேல் போகாத விமானங்களாகப் பார்த்துப் பார்த்துக் கோத்தேன். ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மூன்று நாள் காலை நீட்டிப் படுக்கலாம். ஏழு விமானம். மூன்று வாரம். பதினான்காயிரத்து ஐந்நூறு, இருபத்தோராயிரம் ஆகிறது. மாறுதல் கூடாது என்று வராந்தாவில் உட்கார்ந்து எழுதியவன், எண்ணி ஆறு தடவை மாறி வரப்போகிறேன். இதை உன் அண்ணனிடம் சொல்லாதே, சிரித்தே செத்துவிடுவார்.

ஆறு விமானம் சரி. ஏழாவதில்தான் நூல் நிற்கிறது. நடுவில் கடல். இறங்க ஒரு தீவுகூட இல்லை. எட்டரை மணி நேரம். எப்படிச் சுற்றினாலும் கடைசியில் அந்தக் கடல் வந்துவிடுகிறது.

டாக்டரிடம் காட்டினேன். ஆறு வரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஏழாவதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடிக்கவே இல்லை.

காலேஜ் மூடியதும் ஏப்ரல் 22 கிளம்புகிறேன். அவளிடம் சொல்ல வேண்டாம்.


ஏப்ரல் 4

வர வேண்டாம் என்று எழுதினேன், அழித்தேன். வாருங்கள் என்று எழுதினேன், அதையும் அழித்தேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன், நோயாளிக்கு எழுதுகிற மாதிரி.

காலுறையைப் படுக்கையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும், எழுந்து நின்ற பிறகு இல்லை. நடைபாதை ஓர சீட்டு. அரை மணிக்கு ஒரு தடவை, குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குங்கள், பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள், முப்பது தடவை. கெண்டைக்கால் இறுக வேண்டும். மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். பக்கத்தில் இருப்பவர் முறைத்தால் முறைக்கட்டும், உங்களுக்குப் பதிலுக்கு முறைக்கத் தெரியும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். தூக்க மாத்திரை கூடவே கூடாது. ஏறுவதற்கு முன் போட வேண்டிய ஊசியை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால், சூடாக இருந்தால், ஏறாதீர்கள். அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இது கெஞ்சல் இல்லை, உத்தரவு.

அவளிடம் சொல்லவில்லை. நீங்கள் எங்கேயாவது பாதியில் நின்றுவிட்டால், அதை நான் எப்படிச் சொல்வேன் என்று மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.


மே 13

ஆறு முடிந்தது.

நாலாவது ஊர் எது என்று உனக்கு எழுதவில்லை. அவளை இறக்கிவிட்ட அந்த நடு ஊர்தான். அவள் இருந்த அறையைப் பார்க்க வேண்டும் என்று காவலாளியிடம் கேட்டேன். “எம்ப்ளாயிஸ் மட்டும்தான்” என்கிற பொருளில் என்னவோ சொன்னான். சண்டை போட்டேன், விடவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். நீல சோபா ஒன்று. அவள் நீளத்துக்குக் கச்சிதமாக இருக்கும். அப்பாவுக்கு வரப் பிடிக்கவில்லை என்று அவள் முதலில் நினைத்தது சட்டையைப் பிடித்தபோது இல்லை, அந்த சோபாவில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது கடலோரத்தில், கடைசி விமான நிலையத்தில் இருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நிற்கிறது. அதைத் தாண்டி ஓடுபாதை. ஓடுபாதை முடிகிற இடத்தில் கடல்.

நீ உத்தரவு என்று எழுதியதை எல்லாம் செய்தேன். குதிகால், முன்பாதம், தண்ணீர், எல்லாம். ஊசியும் போட்டாயிற்று. பக்கத்து சீட்டுக்காரர்கள் ஆறு பேரையும் முறைத்தாயிற்று. ஆனாலும் நேற்றிலிருந்து இடது கெண்டைக்கால் வலதைவிடப் பெரிதாக இருக்கிறது. உருண்டையை அளந்த நூல் சட்டைப் பையிலேயே கிடந்தது, அதை வைத்து அளந்தேன். ஒரு விரற்கடை கூடுதல். சூடு இருக்கிறதா என்று கேட்பாய். நான் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டால் நீ ஏறாதே என்று சொன்னது ஞாபகம் வரும்.

இங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்கவைப்பார்கள். படுக்கவைத்தால் திருப்பி அனுப்புவார்கள். திரும்பிப் போனால் மறுபடி கிளம்ப எனக்குத் தைரியம் இருக்காது. என்னை எனக்குத் தெரியும். நீ கோபப்படுவாய். நீ கோபப்பட்டது எதுவும் இதுவரை வீண் போனதில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அதை நேரில் வந்து பேசிக்கொள்ளலாம், நிறைய இருக்கிறது.

கூப்பிடுகிறார்கள். நடைபாதை ஓர சீட்டுதான்.

கடுகை ஏர்போர்ட்டுக்கு அழைத்து வராதே, நடுங்குவாள். வீட்டு வாசலில் நிற்கவை. இந்தத் தடவை அவள் வாசலில் நிற்கட்டும், நான் வருகிறேன்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். எட்டரை மணி நேரம். இறங்கியதும் நான் அடிக்கிறேன். அங்கே அது உள்ளூர் அழைப்புதான். நான் அடிக்கவில்லை என்றால், நீ அடி. இந்தத் தடவை மணி போகும்.

கடுகின் அப்பா